பொருள் தெரிகிறது, வாக்கியம் வரவில்லை: ஆங்கிலச் சொற்களை எப்படிப் படிப்பது?

கேள்வி சுருக்கமாக இது: தமிழ் வழியில் படித்துக் கல்லூரிக்கு வந்தவர் ஒருவர் தினமும் இருபது ஆங்கிலச் சொற்களைத் தமிழ்ப் பொருளோடு எழுதி மனப்பாடம் செய்கிறார். ஒரு வாரத்துக்குள் பாதி மறந்துபோகிறது. மறக்காத சொற்களும் பேசும்போது கைகொடுப்பதில்லை. ‘ஆங்கிலம்–ஆங்கிலம் அகராதியைப் பார்’ என்று நண்பர் சொல்ல, அதையும் பார்த்திருக்கிறார். ஒரு சொல்லுக்குத் தந்திருக்கும் விளக்கத்திலேயே மூன்று சொற்கள் புரியவில்லை. தமிழ் அகராதியை விட்டுவிட வேண்டுமா, வேறு வழி உண்டா என்று கேட்கிறார்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். உங்கள் நினைவாற்றலில் குறை எதுவும் இல்லை. நீங்கள் பார்த்த அகராதி உங்களுக்காக எழுதப்பட்டதல்ல, அவ்வளவுதான். ஆங்கிலம்–ஆங்கிலம் அகராதிகளில் இரண்டு வகை உண்டு. ஒன்று, ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களுக்கானது. மற்றது, ஆங்கிலத்தை வேற்றுமொழியாகக் கற்பவர்களுக்கென்றே எழுதப்பட்டது. அட்டையில் ‘லேர்னர்ஸ்’ என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். கைபேசியில் தேடும்போது முதலில் வந்து நிற்கும் விளக்கம் பெரும்பாலும் முதல் வகையைச் சேர்ந்தது.

முதல் வகையின் கடினத்துக்குப் பெயர்போன உதாரணம் ஒன்று உண்டு. சாமுவேல் ஜான்சன் 1755இல் வெளியிட்ட ஆங்கில அகராதியில் ‘நெட்வொர்க்’ என்ற சொல்லின் விளக்கத்தில் ‘ரெட்டிகுலேட்டட்’, ‘டெக்கசேட்டட்’, ‘இன்டர்ஸ்டிசஸ்’ என்று மூன்று சொற்கள் வரும். நெட்வொர்க் தெரியாதவருக்கு இவை தெரிந்திருக்க வழியில்லை. ஒவ்வொன்றையும் தேடிப் போனால் அங்கே இன்னும் மூன்று நிற்கும்.

இந்தச் சிக்கலைத் தொல்காப்பியர் உரியியலில் ஒரே வரியில் சொல்லியிருக்கிறார்: ‘பொருட்குப் பொருள் தெரியின் அதுவரம்பு இன்றே.’ ஒரு சொல்லுக்குப் பொருள் சொன்ன பிறகு, அந்தப் பொருளுக்கும் பொருள் என்ன என்று கேட்டுக்கொண்டே போனால் அதற்கு எல்லை கிடையாது. அதே இயலின் முதல் நூற்பாவில் வழியும் இருக்கிறது: ‘பயிலாதவற்றைப் பயின்றவை சார்த்தி.’ பழகாத சொல்லைப் பழகிய சொல்லைச் சார்த்தி விளக்கு என்கிறார். கேட்பவருக்கு ஏற்கெனவே பழக்கமான சொற்கள் சில இருந்தால்தான் இந்த முறை வேலை செய்யும். அவை எவை, எத்தனை என்பதை ஆங்கிலத்தில் கணக்கெடுத்து, ஓர் அகராதி முழுவதையும் அந்தக் கணக்குக்குள் எழுதிக் காட்டியது 1935இல்தான்.

அதைச் செய்தவர் மைக்கேல் வெஸ்ட். இந்தியக் கல்விப் பணியில் இருந்த ஆங்கிலேயர். டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பணியாற்றியவர். வங்கப் பிள்ளைகளின் ஆங்கிலப் பாடநூல்களைப் பார்த்தபோது, ஒரே பக்கத்தில் புதுச்சொற்கள் நெருக்கியடித்துக்கொண்டு வருவதையும், அவற்றில் பல மறுபடி எங்கும் தலைகாட்டாமல் போவதையும் கவனித்தார். அரிய சொற்களை எடுத்துவிட்டு வழக்கமான சொற்களை வைத்தார். ஒரு புதுச்சொல்லுக்கும் அடுத்ததற்கும் நடுவே போதிய இடைவெளி விட்டு வாசிப்பு நூல்கள் எழுதினார். பின்னர் ஜே. ஜி. எண்டிகாட்டுடன் சேர்ந்து அவர் வெளியிட்ட ‘நியூ மெத்தட்’ அகராதி, ஏறத்தாழ 24,000 சொற்களையும் தொடர்களையும் வெறும் 1,490 சொற்களைக் கொண்டே விளக்கியது. 1953இல் அவர் தொகுத்த பொதுச் சொற்பட்டியலில் சுமார் 2,000 சொற்கள் இருந்தன. நம் பக்கத்து வகுப்பறைப் பிள்ளைகளின் திணறலைப் பார்த்துப் பிறந்த முறை இது என்பதால், எனக்கு இதன்மேல் தனி மதிப்பு உண்டு.

ஏறக்குறைய அதே காலத்தில் ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்துக்கொண்டிருந்த ஏ. எஸ். ஹார்ன்பி வேறொரு குறையைப் பிடித்தார். மாணவருக்குச் சொல்லின் பொருள் தெரிகிறது. ஆனால் அதற்குப் பின்னால் என்ன வர வேண்டும் என்று தெரியவில்லை. இன்றைக்கு உங்களுக்கு இருக்கும் இரண்டாவது சிக்கல் அதுதான். அவரும் இரு நண்பர்களும் தொகுத்த அகராதி 1942இல் டோக்கியோவில் அச்சாகி, 1948இல் ஆக்ஸ்ஃபோர்டு வெளியீடாக வந்தது. வினைச்சொல் ஒவ்வொன்றும் வாக்கியத்தில் எப்படி நிற்கும் என்பதை அது காட்டியது. 1978இல் வந்த லாங்மேன் அகராதி சுமார் 2,000 சொற்களுக்குள்ளேயே எல்லா விளக்கங்களையும் எழுதியது. 1987இல் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ஜான் சின்க்ளேர் தலைமையில் உருவான கோபில்டு அகராதி, எடுத்துக்காட்டுகளை ஆசிரியர்கள் கற்பனையில் எழுதாமல், உண்மையில் எழுதப்பட்ட, பேசப்பட்ட ஆங்கிலத்தின் கணினித் தொகுப்பிலிருந்து எடுத்தது. விளக்கத்தையும் முழு வாக்கியமாகவே தந்தது.

வரலாற்றை இவ்வளவு சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இந்த அகராதிகளில் பலவற்றுக்கு அடியில் ஏறத்தாழ 2,000 சொற்கள் இருக்கின்றன. அவை உங்கள் கையில் இருந்தால், மீதி எந்தச் சொல்லின் விளக்கமும் உங்களுக்குத் திறந்துவிடும். இல்லாவிட்டால் எந்த ஆங்கில அகராதியும் திறக்காது. நீங்கள் மனப்பாடம் செய்யும் இருபது சொற்களில் ‘அபெரேஷன்’, ‘க்விக்ஸாட்டிக்’ போன்றவை இருக்கும் என்று நினைக்கிறேன். போட்டித் தேர்வுப் பட்டியல்களில் அவைதான் நிறைய. அவற்றைக் கொஞ்ச காலம் ஒதுக்கி வையுங்கள். சாதாரண ஆங்கில எழுத்தில் வரும் சொற்களில் பத்துக்கு எட்டு, அந்த முதல் 2,000 சொற்குடும்பங்களுக்குள் அடங்கிவிடும் (ஒரு சொல்லும் அதிலிருந்து பிறந்த வடிவங்களும் சேர்ந்தது ஒரு சொற்குடும்பம்). அகராதியைத் தொடாமல் சரளமாக வாசிக்க வேண்டுமானால் ஐம்பது சொற்களுக்கு ஒன்றுக்கு மேல் தெரியாத சொல் இருக்கக் கூடாது; அந்த நிலைக்கு எட்டாயிரம், ஒன்பதாயிரம் சொற்குடும்பங்கள் வேண்டும் என்பது மொழியியலாளர் பால் நேஷன் 2006இல் சொன்ன கணக்கு. அது நீண்ட வழிதான். அதில் போக வேண்டிய வரிசை முக்கியம்.

அந்த முதல் இரண்டாயிரத்தைத் தமிழ்ப் பொருளோடு படிப்பதில் எந்தத் தவறும் இல்லை. தொடக்கத்தில் தாய்மொழியைத் தொடவே கூடாது என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு கிடையாது. ‘ஆக்ஸ்ஃபோர்டு 3000’ என்ற பட்டியல் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஏ1, ஏ2, பி1, பி2 என்று படிநிலை குறித்திருப்பார்கள். முதல் இரண்டு படிகளை எடுத்துக்கொள்ளுங்கள். பொருள் தெரிந்தால் மட்டும் போதாது, உங்களால் உடனே ஒரு வாக்கியம் சொல்ல முடிகிற சொற்களுக்கு மட்டும் குறி போடுங்கள். குறி விழாத சொற்கள்தான் உங்கள் பாடம்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. எளிய சொற்கள் ஒரே பொருளோடு நிற்பதில்லை. ‘ரன்’ என்றால் ஓடு என்று ஐந்தாம் வகுப்பிலேயே படித்திருப்போம். ‘ஹி ரன்ஸ் எ ஷாப்’ என்றால் அவர் கடை நடத்துகிறார். ‘ஹோல்டு’ என்றால் பிடி. ‘தே ஹெல்டு எ மீட்டிங்’ என்றால் கூட்டம் நடத்தினார்கள். அரிய சொல் பத்து படிப்பதைவிட ‘ரன்’, ‘ஹோல்டு’, ‘கீப்’, ‘டேக்’, ‘கெட்’ ஆகியவற்றின் இரண்டாவது, மூன்றாவது பொருளைப் பிடிப்பது பல மடங்கு பயன் தரும். லேர்னர்ஸ் அகராதியில் பொருள்கள் எண் போட்டு, அதிகம் வழங்குவது முதலில் வரும்படி அடுக்கியிருக்கும். முதல் நான்கைந்தைப் பார்த்தால் போதும்.

இனி எளிய விளக்கம் தமிழ்ப் பொருளைவிட எங்கே உதவுகிறது என்று பார்ப்போம். தமிழில் ஒரே சொல் நிற்கிற இடத்தில் ஆங்கிலத்தில் இரண்டு மூன்று சொற்கள் நிற்கும்போது, தமிழ்ப் பொருள் நம்மைக் கைவிட்டுவிடும். ‘ஷேட்’ என்று தேடினால் நிழல். ‘ஷேடோ’ என்று தேடினால் அதுவும் நிழல். இரண்டையும் இப்படிப் படித்தவருக்கு வேறுபாடு ஒருநாளும் தெரியப்போவதில்லை. லேர்னர்ஸ் அகராதியைப் பாருங்கள்: ஷேட் என்பது வெயில் படாத, குளிர்ச்சியான இடம், ஷேடோ என்பது ஒளியை ஒரு பொருள் மறைக்கும்போது தரையிலோ சுவரிலோ விழும் அதன் கரிய உருவம். எடுத்துக்காட்டு அதைக் கண்முன் நிறுத்திவிடும். ‘வி சாட் இன் த ஷேட் ஆஃப் எ ட்ரீ.’ மரத்தடியில் உட்கார்ந்தோம். ‘த சைல்டு வாஸ் அஃப்ரெய்டு ஆஃப் ஹிஸ் ஓன் ஷேடோ.’ குழந்தை தன் நிழலைக் கண்டே பயந்தது. புளியமரத்தடியில் பேருந்துக்கு நிற்பவர் எதில் நிற்கிறார் என்று இனி யோசிக்க வேண்டியதில்லை.

‘கேள்’ இன்னும் பெரிய சொல். சத்தம் காதில் விழுவது ‘ஹியர்’. கவனம் வைத்துக் கேட்பது ‘லிஸன்’. வினா எழுப்புவதும் வேண்டுவதும் ‘ஆஸ்க்’. ‘பார்’ என்பதும் அப்படித்தான்: கண்ணில் படுவது ‘ஸீ’, கண்ணைத் திருப்பிப் பார்ப்பது ‘லுக்’, நடப்பதைத் தொடர்ந்து பார்ப்பது ‘வாட்ச்’. ‘கடன்’ என்ற சொல்லை வைத்துக்கொண்டு கொடு, வாங்கு என்று நாம் சமாளித்துவிடுகிறோம். ஆங்கிலத்தில் கொடுப்பது ‘லெண்ட்’, வாங்குவது ‘போரோ’. ‘ஹி லெண்ட் மி ஹிஸ் பைக்’, ‘ஐ போரோடு எ பைக் ஃப்ரம் ஹிம்’ என்ற இரண்டு வாக்கியங்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைத்தவர் இதில் தடுமாற மாட்டார். ஏனென்றால் அந்த ‘ஃப்ரம்’, யார் பக்கத்திலிருந்து எந்தப் பக்கம் போகிறது என்பதைக் காட்டிக்கொண்டே இருக்கும்.

இந்தப் பிரிவுகளைத் தமிழிலிருந்தும் தேடலாம். க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி, முதல் பதிப்பு 1992இல் வந்தது, இதற்கு அருமையான துணை. ஒரு தமிழ்ச் சொல்லின் பொருள்களை எளிய தமிழில் தனித்தனியாகப் பிரித்து, ஆங்கில இணையையும், இன்றைய வழக்கிலிருந்து எடுத்துக்காட்டு வாக்கியங்களையும் தரும். ‘கேள்’, ‘எடு’, ‘விடு’, ‘பிடி’, ‘நடத்து’ ஆகியவற்றை அதில் ஒருமுறை பாருங்கள். நல்ல விளக்கம் எப்படி இருக்கும் என்பது தாய்மொழியிலேயே புரிந்துவிட்டால், ஆங்கில விளக்கத்தை வாசிப்பதும் கைவந்துவிடும்.

விளக்கத்தைவிட எடுத்துக்காட்டு வாக்கியத்துக்கு அதிக நேரம் கொடுங்கள் என்பேன். பெரும்பாலானவர்கள் பொருளைப் பார்த்ததும் அகராதியை மூடிவிடுகிறார்கள். உண்மையான சரக்கு அதற்குக் கீழே சாய்வெழுத்தில் இருக்கிறது. ‘டிஸ்கஸ்’ என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். ‘ஒன்றைப் பற்றி விவாதி’ என்று படித்தவர் அந்தப் ‘பற்றி’யையும் சேர்த்து ‘டிஸ்கஸ் அபௌட்’ என்று எழுதிவிடுகிறார். எடுத்துக்காட்டுகள் எதிலும் அந்த ‘அபௌட்’ இருக்காது: ‘வி டிஸ்கஸ்டு த ப்ளான்.’ ‘தவறு செய்துவிட்டேன்’ என்பதால் ‘ஐ டிட் எ மிஸ்டேக்’ என்கிறோம். அகராதியில் ‘மிஸ்டேக்’கைப் பாருங்கள், ‘மேக் எ மிஸ்டேக்’ என்றுதான் திரும்பத் திரும்ப வரும். மாத்திரை சாப்பிடுவது ஆங்கிலத்தில் ‘டேக்’. சில இடங்களில் இரண்டு மொழியும் ஒத்துப்போவதும் உண்டு. நமக்குச் சளி ‘பிடிக்கிறது’, அவர்களும் ‘கேட்ச் எ கோல்டு’ என்கிறார்கள். எங்கே ஒத்துப்போகும், எங்கே போகாது என்று விதி எதுவும் கிடையாது. வாக்கியத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

இன்னும் நுட்பமான ஒன்றை எடுத்துக்காட்டுகள் மட்டுமே காட்டும். ‘காஸ்’ என்ற வினைச்சொல்லுக்குத் தமிழில் ‘ஏற்படுத்து’, ‘உண்டாக்கு’ என்று போட்டிருப்பார்கள். நம் ‘ஏற்படுத்து’ நல்லதுக்கும் வரும், கெட்டதுக்கும் வரும்: மகிழ்ச்சியை ஏற்படுத்தியது, சேதத்தை ஏற்படுத்தியது. ‘காஸ்’ அப்படியில்லை. எடுத்துக்காட்டுகளைத் தொடர்ந்து வாசித்தால் விபத்து, வலி, சேதம், தொல்லை, மரணம் என்றே வந்துகொண்டிருக்கும். ‘யுவர் லெட்டர் காஸ்டு மி ஹேப்பினெஸ்’ என்று எழுதினால் இலக்கணப் பிழை இல்லை. ஆனால் ஆங்கிலக்காரர் அப்படி எழுத மாட்டார், ‘யுவர் லெட்டர் மேடு மி ஹேப்பி’ என்பார். இதை எந்த ஒரு வரி விளக்கமும் சொல்லித் தராது. பத்து வாக்கியங்களைச் சேர்த்து வாசிக்கும்போது தானாகவே காதில் ஏறும்.

சொல்லுக்குப் பின்னால் என்ன வரும் என்பதையும் வாக்கியத்திலிருந்தே எடுங்கள். ‘அவாய்டு’ என்றால் தவிர். ‘ஹி அவாய்டெட் மீட்டிங் மி’ என்று ‘இங்’ வரும். ‘டு மீட்’ வராது. ‘ரிலக்டன்ட்’ என்றால் மனமில்லாத, தயங்குகிற. இதற்கு ‘டு’ வேண்டும்: ‘ஷி வாஸ் ரிலக்டன்ட் டு டாக் அபௌட் இட்.’ கோபில்டு பாணியில் விளக்கமே ‘இஃப் யூ ஆர் ரிலக்டன்ட் டு டூ சம்திங்’ என்று தொடங்கும். பொருளோடு சேர்ந்து அந்த ‘டு’வும் மனதில் பதிந்துவிடும். அந்த அகராதியில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

இப்போது நோட்டுக்கு வருவோம். இடப்பக்கம் ஆங்கிலச் சொல், வலப்பக்கம் தமிழ்ச் சொல் என்று கோடு போட்டு எழுதுவதை நிறுத்துங்கள். ஒரு சொல்லுக்கு மூன்று வரி ஒதுக்குங்கள். முதல் வரியில் எளிய விளக்கம், அகராதியில் இருப்பதையே சுருக்கி. இரண்டாவது வரியில் அகராதியின் எடுத்துக்காட்டு, ஓர் எழுத்தும் மாற்றாமல். மூன்றாவது வரியில் அதே வாக்கிய அமைப்பை வைத்துக்கொண்டு உங்கள் வாழ்க்கையிலிருந்து ஒரு வாக்கியம். ‘ரிலக்டன்ட்’டுக்கு ‘மை ஃபாதர் வாஸ் ரிலக்டன்ட் டு செல் த லேண்ட்’ என்று ஒருவர் எழுதலாம். நிலத்தை விற்க மனம் வராத அப்பாவை அறிந்தவருக்கு அந்தச் சொல் மறக்காது. முன்மாதிரி இல்லாமல் மூன்றாவது வரிக்குத் தாவாதீர்கள். தாவினால் தமிழ் வாக்கியம் ஆங்கில உடையில் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

மறதியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். படித்ததை மீண்டும் மீண்டும் வாசிப்பதால் பெரிய பயன் இல்லை. மறைத்துவைத்து நினைவிலிருந்து எடுக்கப் பார்ப்பதால்தான் அது நிற்கும். சிறு அட்டையின் ஒரு பக்கத்தில் விளக்கத்தையும், சொல் வரும் இடத்தைக் காலியாக விட்ட வாக்கியத்தையும் எழுதுங்கள். மறுபக்கத்தில் சொல். விளக்கத்தைப் பார்த்துச் சொல்லை வரவழைக்க வேண்டும், ஏனென்றால் பேசும்போது நடப்பது அதுதான். மறுநாள் ஒருமுறை, மூன்று நாள் கழித்து, ஒரு வாரம் கழித்து, ஒரு மாதம் கழித்து. எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் 1885இலேயே மறதியை அளந்து பார்த்து, இடைவெளி விட்டுப் படிப்பதன் பயனைக் காட்டியிருக்கிறார். அட்டைக்குப் பதில் ‘ஆங்கி’ என்ற செயலியையும் வைத்துக்கொள்ளலாம்; ஆண்ட்ராய்டில் இலவசம், இடைவெளியை அதுவே கணக்கிட்டுக்கொள்ளும். ஆனால் யாரோ தயாரித்த அட்டைத் தொகுப்பைப் பதிவிறக்கிக்கொள்ளாதீர்கள். எழுதும் உழைப்பில்தான் பாதிக் கல்வி இருக்கிறது.

இருபது வேண்டாம், ஐந்து போதும். விடுமுறையெல்லாம் கழித்து ஆண்டுக்கு 300 நாள் என்று வைத்தாலும் 1,500 சொற்கள், அவ்வளவும் வாக்கியத்தோடு.

இதோடு வாசிப்பும் வேண்டும். அட்டையில் மட்டும் இருக்கும் சொல் வேறோர் இடத்தில் எதிர்ப்பட்டால்தான் பிடிபடும். மைக்கேல் வெஸ்ட் வழியில் வந்த படிநிலை வாசிப்பு நூல்கள் இன்றும் உண்டு. ஆக்ஸ்ஃபோர்டு புக்வார்ம்ஸ் வரிசையில் முதல் படி 400 சொற்களுக்குள் எழுதப்பட்ட கதைகள்; ஆறாம் படி 2,500. பக்கத்துக்கு இரண்டு மூன்று புதுச்சொல்லுக்கு மேல் வந்தால் ஒரு படி கீழே இறங்குங்கள். ‘சிம்பிள் இங்கிலீஷ்’ விக்கிப்பீடியாவிலும் உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த பொருளை, கிரிக்கெட்டோ சோழர் வரலாறோ எதுவானாலும், வாசித்துப் பாருங்கள். செய்தி தெரிந்திருப்பதால் மொழியைக் கவனிக்க மனம் காலியாக இருக்கும்.

அகராதிக்குப் பணம் செலவழிக்கத் தேவையில்லை. லாங்மேன், ஆக்ஸ்ஃபோர்டு லேர்னர்ஸ், கேம்பிரிட்ஜ் மூன்றுமே இணையத்தில் இலவசமாகப் பார்க்கக் கிடைக்கின்றன. ஒலிப்பெருக்கிப் படத்தை அழுத்தி உச்சரிப்பையும் கேட்டுவிடுங்கள். தொடக்கத்துக்கு நான் லாங்மேனைச் சொல்வேன். விளக்கம் எளிது, எடுத்துக்காட்டுகள் தாராளம்.

கடைசியாக, ஆங்கிலம்–தமிழ் அகராதியை என்ன செய்வது? வைத்துக்கொள்ளுங்கள். வினைச்சொல்லுக்கும் பண்பைச் சொல்லும் சொல்லுக்கும் எளிய ஆங்கில விளக்கம் சிறந்தது. கண்ணால் காணும் பொருளுக்குத் தமிழே சிறந்தது. ‘ஃபெனுக்ரீக்’ என்பதற்கு ஆங்கில அகராதி ‘விதைகளைச் சமையலில் மசாலாவாகப் பயன்படுத்தும் ஒரு செடி’ என்கிற மாதிரி ஏதாவது சொல்லும். கடுகும் அப்படித்தான், சீரகமும் அப்படித்தான். தமிழில் ‘வெந்தயம்’ என்று ஒரு சொல் சொன்னால் நிறம், மணம், கசப்பு எல்லாம் வந்துவிடும். மரம், மீன், பறவை, நோய், உறுப்பு, கருவி ஆகியவற்றுக்கெல்லாம் தயங்காமல் தமிழ்ப் பெயரைப் பார்த்துக்கொள்ளுங்கள். ‘ஸார்டின்’ என்றால் மத்தி, சில ஊர்களில் சாளை. அதற்கு மேல் அந்தச் சொல்லில் நேரம் செலவழிக்க ஒன்றுமில்லை; அடுத்த வினைச்சொல்லுக்குப் போகலாம்.